எப்சிபா: என் பிரியம் அவள்மேல்



தியானப் பகுதி: ஏசாயா 62:1-5

குழந்தைப் பிரதிஷ்டைக்கு வருகிறவர்கள் எப்சிபா என்ற பேரை விரும்பிக் கேட்கிறார்கள். "ஐயா, மாடர்னா இருக்கு, நாலே எழுத்து" என்கிறார்கள். சந்தோஷம். ஆனால் அர்த்தம் தெரியுமா? எபிரெயுவில் "என் பிரியம் அவள்மேல்" என்பதே அது.

நம்ம ஊர்ப்பக்கம் வரிசையாய்ப் பெண் பிறந்தால் வைத்த பேர் என்ன? போதும்பொண்ணு! வேண்டாம்! மகாராஷ்டிராவில் நகுஷி, அதாவது வேண்டாதவள். 2011-ல் சத்தாரா மாவட்டத்தில் 285 பெண்பிள்ளைகளுக்கு விழா எடுத்து அந்தப் பேரை மாற்றினார்கள்.

வேதத்திலும் அப்படி ஒருத்தி உண்டு. அசுபாள் என்றால் கைவிடப்பட்டவள். அவள் வயிற்றில்தான் யோசபாத் ராஜா பிறந்தான் (1 இராஜா. 22:42). மனுஷர் தள்ளினதைத் தேவன் தள்ளவில்லை, அல்லேலூயா!

ஏசாயா 62:4-ல் இதே எபிரெய வார்த்தையைத்தான் கர்த்தர் எடுத்துப்போடுகிறார். எடுத்துவிட்டு எப்சிபா என்கிறார். தேசத்துக்கும் பியூலா, வாழ்க்கைப்பட்டவள், என்று புதுப் பேர்! காவிரிக்கரை ஜனங்களுக்கு இது நன்றாய்ப் புரியும். 2012-ல் மேட்டூர் ஜூன் 12-க்குத் திறக்கவில்லை. செப்டம்பர் 17-ல்தான் திறந்தார்கள். ஆத்துத் தண்ணியை நம்பின நிலத்தில் குறுவை போச்சு. அதற்காக வயலைத் தரிசு என்று எழுதிக் கொடுத்துவிட்டோமா? தண்ணி வந்தது, அதே மண்ணில் சம்பா நாத்து ஊன்றினோம். மண் மாறவில்லை, தண்ணி வந்தது. அதுதான் கிருபை!

ஒரு எச்சரிப்பு. எசேக்கியா ராஜாவின் மனைவி பேரும் எப்சிபாள்தான். அவள் மகன் மனாசே 55 வருஷம் ஆண்டு, எருசலேமை விக்கிரகத்தால் நிரப்பினான் (2 இராஜா. 21:1-7). நல்ல பேர் மட்டும் பிள்ளையைக் காப்பாற்றாது. முழங்கால் ஜெபம் வேண்டும். ஆனாலும் அந்த மனாசே நெருக்கத்தில் தாழ்த்திக் கெஞ்சினபோது கர்த்தர் கேட்டாரே (2 நாளா. 33:12,13)!

தாய்மாரே, மாமியார்மாரே, மூணாவதும் பொண்ணா என்று மருமகளிடம் முகத்தைத் திருப்பாதீர்கள். எப்சிபா என்று பேர் வைத்துவிட்டு, வீட்டுக்குள் "இதுவும் பொட்டப்புள்ளையா" என்று பேசினால் அந்தப் பேர் வாயில் மட்டும்தான் இருக்கிறது. பையனுக்குப் போடுகிற பாலையும் படிப்பையும் அவளுக்கும் போடுங்கள். அதுதான் அர்த்தத்தோடு கூப்பிடுவது.

வேண்டாம் என்ற பேரோடு இதை வாசிக்கிற சகோதரியே, ரேஷன் கார்டில் என்ன இருந்தாலும் பரவாயில்லை. சிலுவையில் இயேசு உனக்காக இரத்தம் சிந்தினது, நீ அவருக்கு வேண்டும் என்பதால்தான்.

ஜெபம்: ஆண்டவரே, எங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளை உமது கண்களால் பார்க்கக் கிருபை தாரும். இயேசுவின் நாமத்தில், ஆமென்.