தேவையா, ஆசையா?

கையிலுள்ள செல்போன் நன்றாகவே வேலை செய்கிறது. ஆயினும் புதியது ஒன்று வந்துவிட்டதென்றால் மனம் அலைபாய்கிறது. வசதியுள்ளவர் வாங்கினால் என்ன தவறு என்று கேட்கலாம். ஹலாலான பணத்தில் ஆகுமான பொருளை வாங்குவது குற்றமன்று. ஆனால் ஆசைக்குத் தேவை என்று பெயர் சூட்டினால் நம்மை நாமே ஏமாற்றிக்கொள்கிறோம்.

பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துவிடாதிருக்க அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம் ஒப்புக்கொண்டது. 79 டாலராயிருந்த பாட்டரி மாற்றும் கட்டணத்தை 2018-இல் 29 டாலராக்கியது. பாட்டரி மாறியதும் பழைய போனே மீண்டும் விரைந்து இயங்கிற்று. அதற்கு முன் புதுப்போன் வாங்கியவர்கள் எத்தனை பேரோ! அவர்களுடைய குறை மெய்யானது. அதற்கு மருந்து புதுப்போன்தான் என்று எண்ணியதே பிழை.

ஆகவே முதலில் விசாரிப்போம். பாட்டரி தளர்ந்ததா? மாற்றுவோம். திரை உடைந்ததா? பழுது பார்ப்போம். பாதுகாப்புக்கான மென்பொருள் வருவது நின்றுவிட்டதா? பணம் அனுப்புவதும் பெறுவதும் அதிலேயே செய்பவருக்கு அது உண்மையான தேவை, தயங்காமல் வாங்கட்டும்.

இவை எதுவுமின்றி, அண்டை வீட்டார் கையில் பார்த்ததுதான் காரணம் என்றால்? "ஆசைக்காக வாங்குகிறோம்" என்று மனத்துக்குள்ளாவது உண்மையைச் சொல்லிப் பார்ப்போம். அடைக்க வேண்டிய கடனும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் அப்போதுதான் நம் கண்ணுக்குத் தெரியும்.