திறக்காத கோப்புக்குள் வரைபடம் இருக்கிறதா?

திண்டுக்கல், வேடசந்தூர் வட்டாரத்தில் நூற்பாலைகள் அதிகம். பழைய இயந்திரத்தின் கன்ட்ரோல் போர்டு பழுதானால் அதன் சர்க்யூட் வரைபடம் வேண்டும். அது கணினிக் கோப்பாக இருந்து, வரைந்த மென்பொருள் கிடைக்காமல் போனால் என்ன செய்வது? சர்க்யூட் வரையும் ஈகிள் மென்பொருளை 2026 ஜூன் 7-உடன் நிறுத்துவதாக ஆட்டோடெஸ்க் நிறுவனம் 2023-இல் அறிவித்ததால், இந்தச் சிக்கல் இனிப் பலருக்கும் வரும். கோப்பில் ஒரு பைட்டும் அழியாமலிருந்தும் யாராலும் திறக்க முடியாதென்றால், வரைபடம் இருக்கிறது என்பதா, இல்லை என்பதா? இந்தியத் தத்துவத்தில் சொல்லைப் பற்றி இதுபோன்ற விவாதம் உண்டு. சொல்லுக்கும் பொருளுக்கும் உள்ள உறவு இயல்பானது, யாரும் ஏற்படுத்தியதல்ல என்றனர் மீமாம்சகர். உடன்பாட்டால் வந்தது என்றனர் நையாயிகர். கோப்பைப் பொறுத்தவரை நையாயிகர் சொல்வதே பொருந்துகிறது.

பழைய எழுத்துகளும் இதையே காட்டுகின்றன. பழனிக்கு அருகே பொருந்தலில் தொல்லியலாளர் கா. ராஜன் 2009, 2010-இல் நடத்திய அகழாய்வில் கிடைத்த புரிமணையில் (பானை தாங்கும் வளையத்தில்) இருந்த தமிழ்-பிராமி எழுத்துகளை ‘வய்ர’ என்று படித்தார்கள். அப்படிப் படிக்கும் திறன் எளிதில் வந்ததல்ல. ஜேம்ஸ் பிரின்செப் 1837-இலேயே பிராமியைப் படித்துவிட்டார். மதுரைப் பக்கத்து மாங்குளம் குகைக் கல்வெட்டுகள் 1882-இல் தெரியவந்தன. எழுத்து தெரிந்திருந்தும் வாசகம் பிடிபடவில்லை. பிராகிருதமாகவே படிக்க முயன்றார்கள். ழ, ள, ற, ன ஆகியவற்றுக்குத் தனி வடிவங்கள் உண்டு, மொழி தமிழ் என்று 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் நிறுவினார். அதற்குள் கல்லில் ஒரு கீறலும் மாறிவிடவில்லை. ஆக, பொருள் கீறலில் மட்டும் இல்லை; படிப்பவர் விருப்பத்திலும் இல்லை. எழுதியவர்கள் கடைப்பிடித்த மரபில் இருந்தது. மென்பொருளும் அத்தகைய மரபைச் செயல்படுத்தும் கருவிதான். ஆறாம் பதிப்பிலிருந்து ஈகிள் தன் கோப்புகளை எக்ஸ்எம்எல் உரையாகச் சேமித்தது. அதனால்தான் இன்று கிகேட் என்ற வேறொரு மென்பொருள் அவற்றைத் திறக்கிறது. கருவி போனாலும் மரபு தெரிந்தால் வரைபடம் மீளும்.

மீட்ட வாசிப்பு வெறும் ஊகமாக இருக்கலாமே என்று கேட்கலாம். ஊகத்தில்தான் தொடங்குகிறது, ஆனால் சோதிக்கலாம். ஐயரின் வாசிப்பு ஒரு கல்லில் மட்டும் பொருந்தி மற்றவற்றில் பிசகியிருந்தால் நின்றிருக்காது. வரைபடத்துக்கோ போர்டே சாட்சி: இரு முனைகள் இணைந்தவை என்று கோப்பு சொன்னால், மல்டிமீட்டர் உண்மையைச் சொல்லிவிடும். அப்படியானால் போர்டு போதாதா, கோப்பு எதற்கு? எது எதோடு இணைந்திருக்கிறது என்பதைப் போர்டு காட்டும். கருகிப்போன ரெசிஸ்டரின் மதிப்பையோ, வடிவமைத்தவர் எழுதிவைத்த குறிப்பையோ காட்டாது. மீமாம்சகர் கேட்கும் கேள்வி இன்னும் கடினமானது: உடன்பாடு செய்யவே மொழி வேண்டுமே, முதல் உடன்பாட்டைச் செய்தது யார்? மொழியைக் குறித்து இதற்கு விடை சொல்வது சிரமம். கோப்புக்கு அந்தச் சிரமம் இல்லை. அதன் வடிவத்தை வகுத்தவர்கள் நம் காலத்தவர்கள். வகுத்தவர்கள் இருப்பதால் பொறுப்பும் இருக்கிறது. வடிவ விதியை வெளியிடாமல் மென்பொருளை மட்டும் நிறுத்துகிறவர், பிறர் உழைத்து வரைந்ததன் பொருளையும் பூட்டி வைக்கிறார். விற்பதை நிறுத்த அவருக்கு உரிமை உண்டு, இதற்கு இல்லை.