வராதவனுக்கு என்ன நட்டம்?

கோட்டமட்டப் போட்டிகளை நடத்தும்போது எங்களுக்குள் ஒரு வழக்கமுண்டு. குறித்த நேரத்தில் அணி வராவிட்டால் ‘வோக் ஓவர்’. காரணம் நியாயமானதாகவும் இருக்கலாம், பஸ் பழுதாகியிருக்கும். ஆனாலும் மைதானத்தில் காத்திருந்த பிள்ளைகளுக்கே வெற்றி. உலகக் கிண்ணத்திலும் இதுவே நடைமுறையாக இருந்தது.

1996 ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து ஏறத்தாழ 90 பேர் மாண்டனர். அடுத்த மாதம் உலகக் கிண்ணம். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்பில் ஆட மறுத்தன. (சிம்பாப்வேயும் கென்யாவும் வந்தன. அதற்கு முன்பே, பெப்ரவரி 13இல், இந்தியரும் பாகிஸ்தானியரும் ஒரே அணியாகச் சேர்ந்து பிரேமதாச மைதானத்தில் நம்மோடு ஆடினர். இன்று சொன்னால் மாணவர் நம்புவதில்லை.) மறுத்தவர்களை நான் குறைகூற மாட்டேன். உயிருக்கு அஞ்சுவது குற்றமல்ல. அவர்கள் தமது மறுப்புக்கான விலையைத் தாமே செலுத்தினர். புள்ளிகள் இலங்கைக்குக் கிடைத்தன. 2003இல் ஹராரேக்குப் போகாத இங்கிலாந்து முதற் சுற்றோடு வெளியேறியது. நைரோபியைத் தவிர்த்த நியூஸிலாந்தின் புள்ளிகள் கென்யாவுக்குப் போயின.

2025 சம்பியன்ஸ் கிண்ணத்தில் இந்த ஒழுங்கு தலைகீழானது. நடத்திய நாடு பாகிஸ்தான். இந்தியா அங்கு செல்லவில்லை. தனது ஐந்து ஆட்டங்களையும் டுபாயிலேயே ஆடியது. ஒரே ஹோட்டல், ஒரே ஆடுகளச் சூழல். மற்றவர்கள் பறந்து திரிந்தார்கள். அரையிறுதியில் இந்தியாவின் எதிரணி யாரென்று கடைசி லீக் ஆட்டம் வரை தெரியாததால், தென்னாபிரிக்க அணி டுபாய் சென்று, ஒரு பந்தும் வீசாமல் லாஹூருக்குத் திரும்பியது. மார்ச் 9இல் நடந்த இறுதியாட்டமும் டுபாயில்தான். பாகிஸ்தான் தான் நடத்திய போட்டியின் இறுதியாட்டத்தைத் தன் மண்ணில் காணவில்லை.

இந்தியா திறமையான அணி, எங்கு ஆடியிருந்தாலும் வென்றிருக்கும் என்கிறார்கள். இருக்கலாம். பரீட்சையில் கெட்டிக்கார மாணவனுக்கு மட்டும் தனி அறை கொடுத்துவிட்டு, ‘அவன் எப்படியும் சித்தியடைவான்’ என்று சொல்வோமா?

லாஹூரில் அச்சத்துக்கு இடமேயில்லை என்று நான் வாதிட வரவில்லை. 2009 மார்ச் 3இல் அங்கே சுடப்பட்டது நமது வீரர்களின் பஸ்தான். இந்திய அரசுக்கும் தன் மக்களுக்கும் சொல்லக் காரணங்கள் இருக்கும். போகாதிருக்கும் உரிமையை ஏற்கிறேன். அந்த உரிமையின் செலவை மூன்றாமவர் சுமப்பதைத்தான் ஏற்க முடியவில்லை. 2027 வரை இரு நாடுகளும் ஒருவர் மண்ணில் மற்றவர் ஆடாமல் பொது மைதானத்தில் ஆடலாமென்று 2024 டிசம்பரில் உடன்பாடு கண்டார்கள். பிணக்குப்பட்ட இருவருக்குள் அது சமநீதி. தென்னாபிரிக்காவுக்கும் நியூஸிலாந்துக்கும் அதில் என்ன நீதி? சர்வதேச கிரிக்கட் சபையின் வருமானப் பங்கீட்டில் ஏறத்தாழ 38.5 வீதம் இந்தியாவுக்கு என்பதை அறிந்தவர்களுக்கு, கென்யாவுக்கு 2003இல் கிடைத்த நியாயம் இப்போது ஏன் எவருக்கும் கிடைக்கவில்லை என்பது விளங்கும்.

இறுதியாட்டத்தையாவது நடத்தும் நாட்டிலேயே வைத்து, வராதவர் தோற்றவர் என்று விதித்தால் போதும் என்பது எனது அபிப்பிராயம்.

இதில் நமது பங்கையும் சொல்லியாக வேண்டும். பாகிஸ்தான் நடத்தவேண்டிய 2023 ஆசியக் கிண்ணத்தின் 13 ஆட்டங்களில் 9 இலங்கையில் நடந்தன. அடுத்த வீட்டுப் பந்தலைப் பிரித்து வந்து நம் முற்றத்தில் போட்டார்கள். நாமும் மகிழ்ச்சியோடு கயிறு பிடித்தோம். 1996இல் வராத விருந்தாளிகளுக்காகக் காத்திருந்த அதே கொழும்பில்தான் அதன் இறுதியாட்டமும் நடந்தது.