வண்டிக்கு வினை உண்டா?

குடும்பத்துக்கென்று ஏழு பேர் உட்காரும் வண்டி வாங்குவோர் இரண்டு வகைக் கேள்விகள் கேட்கிறார்கள். எஞ்சின் எப்படி இருக்கிறது, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, எத்தனை கை மாறியிருக்கிறது என்பவை முதல் வகை. ராசியான வண்டியா, முன்பு வைத்திருந்தவர் நன்றாக இருக்கிறாரா, இதில் யாருக்காவது அடிபட்டதா, நம்பரைக் கூட்டினால் என்ன வருகிறது என்பவை இரண்டாம் வகை. முதல் வகைக்கு மெக்கானிக் பதில் சொல்லிவிடுவார். இரண்டாம் வகைக்குள் ஒரு பழைய தத்துவக் கேள்வி இருக்கிறது: ஒரு பொருளின் கடந்த காலம், அதை அடுத்து வைத்திருப்பவரைத் தொடருமா? சைவ சித்தாந்தம் இதற்குத் தெளிவாகவே விடை சொல்கிறது. அந்த விடையில் மெக்கானிக்குக்கும் இடம் உண்டு.

திருவண்ணாமலையில் இந்தக் கேள்வியை அன்றாடம் பார்க்கலாம். பெங்களூரு, சென்னை, புதுச்சேரி என்று மூன்று பக்கமிருந்தும் பாட்டி முதல் பேரன் வரை ஒரே வண்டியில் வந்து இறங்கும் ஊர் அது. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை நடந்தே சுற்ற வேண்டும் என்பது மரபு. கார்த்திகை தீபத்தன்று வெளியூர் வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். ஆனாலும் வாங்கிய கையோடு வண்டியைக் கோயில் முன் கொண்டுவந்து, சந்தனம் குங்குமம் இட்டு, மாலை போட்டு, நான்கு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, பூசணிக்காய் உடைப்பது வழக்கம். பழைய வண்டி என்றால் அந்தப் பூசையில் கூடுதலாக ஓர் எண்ணமும் இருக்கும்: முன்னவரிடமிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் இதோடு கழியட்டும்.

பெயரும் தலைமுறையும்

வண்டியின் கடந்த காலம் என்றால் எந்த வண்டியின் கடந்த காலம் என்பதை முதலில் தீர்க்க வேண்டும். தமிழ்நாட்டுச் சாலைகளில் குடும்ப வண்டி என்றால் பலருக்கும் நினைவுக்கு வரும் டொயோட்டா இன்னோவாவை எடுத்துக்கொள்ளலாம். பெங்களூருக்கு அருகே பிடதியில் ஆலை வைத்த டொயோட்டா கிர்லோஸ்கர் நிறுவனம் 2000-ல் குவாலிஸைக் கொண்டுவந்தது. இந்தோனேசியாவில் 1977 முதல் ஓடும் கிஜாங் வண்டியின் வழிவந்தது அது. 2005-ல் அதன் இடத்துக்கு இன்னோவா வந்தது. பெயர் மாறினாலும் லேடர் சேஸி, பின்சக்கர இயக்கம், டீசல் எஞ்சின் என்ற அடிப்படை மாறவில்லை. 2016-ல் வந்த கிரிஸ்டாவும் அதே அடிப்படையில்தான் நின்றது, 2.5 லிட்டர் எஞ்சின் போய், சுமார் 150 குதிரைத்திறன் கொண்ட 2.4 லிட்டர் எஞ்சின் வந்தது. 2022 நவம்பரில் அறிமுகமான ஹைகிராஸில் நிலைமை தலைகீழ். தனிச் சேஸி இல்லை, உடலே சேஸி. இயக்கம் முன்சக்கரத்துக்குப் போனது. டீசல் அடியோடு நீங்கி, 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும், விலை கூடிய ரகங்களில் அதோடு மின் மோட்டார் சேர்ந்த ஹைபிரிட் அமைப்பும் வந்தன. பெயர் மட்டும் இன்னோவாவாகவே இருந்தது.

இதில் இன்னொரு முடிச்சும் விழுந்தது. 2023-ல் டீசல் கிரிஸ்டா மீண்டும் விற்பனைக்கு வந்ததால், ஒரே பெயரை உரிமை கொண்டாடும் இரண்டு வண்டிகள் ஒரே ஷோரூமில் நின்றன. 17-ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி தாமஸ் ஹாப்ஸ் எழுப்பிய புதிர் இதற்கு நெருக்கமானது. ஒரு கப்பலின் பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்து, கழற்றிய பழைய பலகைகளை வைத்து இன்னொரு கப்பல் கட்டினால், இரண்டில் எது பழைய கப்பல் என்று அவர் கேட்டார்.

இந்தியச் சிந்தனையில் இதே கேள்வி தேரை வைத்து எழுந்தது. மிலிந்தன் என்ற கிரேக்க வழி அரசனுக்குப் பௌத்த துறவி நாகசேனர் சொன்ன விடை பாலி நூலான மிலிந்த பன்ஹாவில் இருக்கிறது: சக்கரம் தேரன்று, அச்சும் தேரன்று, எல்லாம் சேர்ந்தபோது வழங்கும் பெயரே தேர். நியாய தரிசனம் இதை ஏற்கவில்லை. உறுப்புகளுக்கு மேலாக முழுமை என்ற ஒன்று உண்மையாகவே உண்டு என்றது. ஆனால் ஓர் உறுப்பு மாறினால் பழைய முழுமை அழிந்து புதிய முழுமை தோன்றும் என்றும் சொன்னது. சைவ சித்தாந்தம் சற்காரிய வாதத்தைப் பின்பற்றுகிறது. காரியம் காரணத்தில் முன்பே அடங்கியிருக்கிறது. உள்ள பொருளே நிலை மாறி வருகிறது. இல்லாதது புதிதாகத் தோன்றுவதில்லை, உள்ளது அடியோடு அழிவதும் இல்லை.

கோயில் தேர் இதற்குக் கண்ணெதிரே உள்ள சான்று. கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் திருவண்ணாமலை மாட வீதிகளில் பஞ்ச மூர்த்திகளின் தேர்கள் ஓடும். தேர் என்றால் காலந்தோறும் மரம் மாற்றுவார்கள், அச்சு மாற்றுவார்கள், சக்கரம் மாற்றுவார்கள். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனத்தின் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துவிட்டன. பழுதுபார்த்த தேருக்கு வெள்ளோட்டம் விடுவார்கள். தேர் வேறு ஆகிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை.

மோட்டார் வாகனச் சட்டமும் நடைமுறையில் இந்தப் பக்கமே சாய்கிறது. டயர் மாற்றினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. எஞ்சினையே மாற்றினாலும் ஆர்.சி. புத்தகத்தில் பதிந்துகொண்டால் வண்டி அதே வண்டிதான். சேஸி நம்பர்தான் அதன் அடையாளம்.

ஆகத் தனி வண்டிக்குத் தொடர்ச்சி உண்டு. தலைமுறைகளுக்கு நடுவே உள்ளது பெயர்த் தொடர்ச்சி மட்டுமே. இங்கே நாகசேனர் சொன்னது பொருந்துகிறது. பழைய டீசல் இன்னோவா லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடிச் சம்பாதித்த நல்ல பெயர் ஹைகிராஸின் பேட்டரிக்குச் சான்றாகாது. அந்தப் பேட்டரிக்கு நிறுவனம் தரும் 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதத்தை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். 2012-ல் வந்த மாருதி எர்டிகாவுக்கும் 2018-ல் வந்த அதன் இரண்டாம் தலைமுறைக்கும் இதே விதிதான்.

காண்டல், கருதல், உரை

தனி வண்டியின் கடந்த காலத்தை எப்படி அறிவது? அருணந்தி சிவாசாரியாரின் சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியார், அளவைகள் எனப்படும் அறியும் வழிகள் பலவற்றை எண்ணி, அவற்றைக் காண்டல், கருதல், உரை என்ற மூன்றில் அடக்குகிறது. பழைய வண்டி பார்ப்பதற்கு இந்த மூன்றும் போதும்.

காண்டல் என்பது நேரே பார்ப்பது. வண்டிக்கு அடியில் குனிந்து சேஸியில் துரு, வெல்டிங் தழும்பு, வளைவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கதவு ஓரத்து ரப்பர் பீடிங்கைச் சற்று இழுத்தால் கம்பெனி போட்ட ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் சீராக வரிசையில் தெரியும். தெரியாத இடத்தில் தகடு மாறியிருக்கலாம். பானட், கதவுகளின் போல்ட் தலையில் பெயின்ட் உரிந்திருந்தால் ஸ்பானர் பட்டிருக்கிறது என்று பொருள். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்கள் அது தயாரான வாரத்தையும் ஆண்டையும் காட்டும். எஞ்சின் சூடாகாத நிலையில் ஸ்டார்ட் செய்துதான் கேட்க வேண்டும். வாங்குபவர் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், அதுவே ஒரு செய்தி.

கருதல் என்பது கண்டதிலிருந்து காணாததை ஊகிப்பது. புகையைக் கண்டு நெருப்பை அறிவது இந்தியத் தர்க்கத்தின் பாடப்புத்தக உதாரணம். வண்டிப் பட்டறையிலும் புகைதான் உதாரணம். நீலப்புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கரும்புகை என்றால் எரிபொருள் முழுதாக எரியவில்லை. வெண்புகை விடாமல் வந்து, கூலன்ட்டும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். மீட்டர் 60,000 என்று காட்ட, பிரேக் பெடல் ரப்பர் தேய்ந்து வழவழப்பாகவும் ஸ்டியரிங் மேலுறை பளபளப்பாகவும் இருந்தால் மீட்டரைக் குறைத்திருக்கலாம். 2005 முதல் 2015 வரை வந்த 2.5 லிட்டர் இன்னோவாவில் டைமிங் பெல்ட் உண்டு. குறித்த கிலோமீட்டரில் அதை மாற்றியாக வேண்டும். ஓடும்போது அறுந்தால் எஞ்சினுக்குப் பெரும் சேதம். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் எஞ்சினில் பெல்ட்டுக்குப் பதில் செயின்.

உரை என்பது நம்பத்தக்கவர் வாக்கு. ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், சர்வீஸ் சென்டர் பதிவேடு, கடன் நிலுவை இல்லை என்ற வங்கிச் சான்று ஆகியவை இதில் சேரும். வாடகை வண்டியாக (டி போர்டு) ஓடி, பிறகு சொந்த உபயோகத்துக்கு (ஓன் போர்டு) மாறிய வண்டியா என்பதையும் பதிவு விவரங்களில் தேடிப் பார்க்க வேண்டும். தரகர் பேச்சு உரை ஆகாது. சொல்வதில் ஆதாயம் உள்ளவரின் வாக்கைத் தனிச் சான்றாகக் கொள்ள எந்த அளவை நூலும் இடம் தருவதில்லை.

இந்த மூன்றுக்கும் அடியில் இருப்பது சற்காரிய வாதம். நாளை அறுந்துபோகவிருக்கும் பெல்ட் இன்றே தேய்ந்திருக்கிறது. பழைய விபத்து இன்றைய சேஸியில் வளைவாக இருக்கிறது. பொருளின் கடந்த காலம் பொருளின் நிலையாகவே தொடர்கிறது. அந்த அளவில், பழைய வண்டியோடு அதன் கடந்த காலமும் வருவது உண்மைதான்.

ராசியும் வினையும்

ஆனால் ராசி என்று மக்கள் அஞ்சுவது இதையன்று. சேஸி நேராக இருந்தாலும், அந்த வண்டியில் ஒருவர் இறந்தார் என்றால் பலர் வாங்கத் தயங்குவார்கள். விபத்துக்குக் காரணமான ஏதோ ஒன்று வண்டியில் தங்கியிருக்கிறது என்ற எண்ணம் அது.

13-ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் வகுத்த முறைப்படி, உள்பொருள்கள் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (தளை) என மூன்று. வினை, பாசத்தைச் சேர்ந்தது. அது பற்றுவது உயிரை. வண்டி மாயையின் காரியமான சடப்பொருள். தனு (உடல்), கரணம் (கருவி), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்ற நான்கில் உயிர் நுகரும் போகத்தில் வைத்து எண்ணத்தக்கது. சடத்துக்கு அறிவும் விருப்பமும் செயலும் இல்லாததால் அது வினை ஈட்டுவதில்லை. மேலும், வினையும் சடமே. செய்தவரைத் தானாகத் தேடிப் போய்ச் சேர அதற்கு அறிவில்லை; இறைவன்தான் கூட்டுவிக்கிறான் என்பது சித்தாந்தத்தின் முக்கிய வாதங்களில் ஒன்று. செய்தவரையே தானாகச் சென்றடைய முடியாத வினை, உரிமையாளர் பெயர் மாறியதும் அடுத்தவரைப் பற்றிக்கொள்ள வழியே இல்லை. முன்னவர் பட்டது அவருடைய பிராரப்தம், அதாவது இப்பிறவியில் அவர் நுகர வந்த வினை. நம்பரின் கூட்டுத்தொகைக்கும் இதே விடைதான்: பதிவுத் தொடரில் வரிசையாக வந்த எண்ணுக்கு உயிர் இல்லை.

இதற்கு வலுவான ஒரு மறுப்பு உண்டு. கல்லிலும் செம்பிலும் தெய்வத்தன்மை தங்கும் என்று ஆகமம் ஏற்கிறதே. நல்லது ஒரு பொருளில் தங்கும் என்றால் கெட்டது ஏன் தங்காது? விடை ஆகமச் சடங்குக்குள்ளேயே இருக்கிறது. திருப்பணி தொடங்கும் முன் பாலாலயம் செய்து, மூல மூர்த்தத்தில் விளங்கும் இறைசக்தியைக் கலசத்துக்கு மாற்றுகிறார்கள்; கும்பாபிஷேகத்தில் மீண்டும் எழுந்தருளச் செய்கிறார்கள். அங்கே விளங்குவது கல்லின் குணம் அல்ல. மந்திரத்தாலும் கிரியையாலும் பாவனையாலும் எழுந்தருளிய அறிவுப் பொருள். தேரின் பெருமையும் அதில் ஏறும் மூர்த்தியால் வருவது. ஆகவே ஒரு பொருளுக்குப் புனிதம் உண்டு என்பதிலிருந்து, சடத்தில் தீவினை தானாகக் குடியிருக்கும் என்று பெறப்படாது.

அப்படியானால் வண்டிப் பூசை எதற்கு? கண்ணேறு கழிப்பது நாட்டு வழக்கு. சித்தாந்த நோக்கில், அந்தப் பூசையின் பயன் வண்டி ஏறும் உயிர்களுக்கு: கிடைத்த போகம் இறைவன் தந்தது என்று ஒப்புக்கொள்வதும், அவன் காவலை வேண்டுவதும். பூசை பிரேக் ஆயிலை மாற்றாது.

புதிதா, பழையதா

பொருளின் நிலை தொடரும், வினை தொடராது என்ற இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால் தேர்வு எளிதாகிறது. புது வண்டிக்குக் கடந்த காலம் இல்லை. அந்தக் கவலை இல்லாமைக்கும் சேர்த்துத்தான் விலை. பழைய வண்டியில் விலை குறைவு. குறைந்த பணத்தின் ஒரு பகுதியைப் பெல்ட், டயர், சஸ்பென்ஷன் வேலைக்கு ஒதுக்கியாக வேண்டும். சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு 15 ஆண்டு. பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய இன்னோவாக்களில் பல இந்த எல்லையைத் தொட்டுவிட்டன. மலைப்பாதை, மோசமான சாலை, நீண்ட ஓட்டம் என்றால் லேடர் சேஸிக் கிரிஸ்டா தாங்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்கள் ஏறி இறங்க, தளம் தாழ்ந்த எர்டிகா வசதி. ஆனால் மூன்றாம் வரிசையில் ஆள் உட்கார்ந்தால் அதில் பெட்டி வைக்க இடம் குறைவு. எதுவானாலும் மூன்றாம் வரிசையில் சீட் பெல்ட் வேலை செய்கிறதா, பின்னால் ஏ.சி. காற்று வருகிறதா என்று உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

வினை வண்டியில் ஒட்டாது என்றால் இந்த வியாபாரத்தில் அதற்கு வேலையே இல்லை என்று ஆகாது. மீட்டரைக் குறைத்தவரும், வளைந்த சேஸியை மறைத்து விற்றவரும் செய்வது புதுவினை; சித்தாந்தம் அதை ஆகாமியம் என்கிறது. அது விற்றவர் கணக்கில் ஏறும். வண்டியோடு வாங்கியவர் வீட்டுக்கு வராது. வாங்கியவரும் தேய்ந்த டயரில் ஏழு பேர் வண்டியில் பதினொரு பேரை ஏற்றிக்கொண்டு இரவில் ஓட்டினால், அதன் பலனுக்கு முன்னவர் ராசியைக் காரணம் காட்ட முடியாது.