வலையும் துணிவும்

சில மாதங்களுக்கு முன்னர் ஒரு தகப்பனார் தம் மகனை அழைத்துக்கொண்டு என் இல்லம் வந்தார். மகன் என்னிடம் இலக்கணம் பயின்றவன், பத்தொன்பது வயதினன். உடற்பயிற்சியில் தேர்ந்த அவனுக்குச் சர்க்கஸ் கலைஞனாக வேண்டுமென்று ஆசை. “ஹஜ்ரத் சொன்னால் கேட்பான், வேண்டாமென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றார் தகப்பனார். நானும் அவ்வாறே சொல்லி அனுப்பினேன். ஆனால், வாசற்படி இறங்குமுன் அப்பிள்ளை பணிவோடு கேட்ட வினா என் உள்ளத்தில் தங்கிவிட்டது: “கடலுக்குப் போகிறவரும் பனையேறுகிறவரும் உயிரைப் பணயம் வைத்துத்தானே பிழைக்கிறார்கள், ஹஜ்ரத்? அவர்களை யாரும் தடுப்பதில்லையே?”

காரணம் கூறாமல் விலக்குவது ஆசிரியனுக்கு அழகன்று. அன்று அவனுக்குச் சொல்லத் தவறியதை இங்கே சொல்ல முயல்கிறேன்.

மீனவர் அபாயத்தைக் கடந்து மீனை அடைகிறார். அலை பெரிதாயிருந்தது என்பதற்காகச் சந்தையில் அந்த மீனுக்கு எவரும் கூடுதல் விலை கொடுப்பதில்லை. அபாயம் அவருடைய பாதையில் கிடக்கிறது. அவருடைய சரக்கு அதுவன்று. சர்க்கஸிலோ அபாயமே சரக்காகிவிடக் கூடும். வேறுபாடு இவ்விடத்தில்தான் இருக்கிறது. ஆகவே இத்தொழிலை மேற்கொள்வோன் முதற்கண் மனத்தில் பதிக்கவேண்டிய நெறி ஒன்று: விற்கவேண்டியது திறமை; மரணத்தின் நிழலை அன்று.

இக்கலையின் வரலாறே இதற்குச் சான்று. பறக்கும் ஊஞ்சல் ஆட்டத்தை உலகுக்கு முதலில் காட்டியவர் பிரான்சு நாட்டு ஜூல் லியோத்தார். 1859ஆம் ஆண்டு நவம்பரில் பாரிஸில் அவர் அரங்கேறினார். தூலூஸ் நகரில் தம் தந்தையின் உடற்பயிற்சிக் கூடத்தில், நீச்சற் குளத்தின் மேலே ஊஞ்சல் கட்டிப் பழகியவர் அவர். விழுந்தால் தண்ணீரில் விழலாம். எழுந்து மீண்டும் ஏறலாம். அஞ்சாமல் தவறு செய்யும் வாய்ப்பு இருந்தமையாலன்றோ புதுமை பிறந்தது!

இதற்கு மாறான கதையும் உண்டு. உயர்ந்த கம்பிமேல் நடப்பதில் புகழ்பெற்ற வாலண்டா குடும்பத்தார் 1928இல் நியூயார்க்கில் முதன்முறை ஆடியபோது, வலை வந்து சேராமையால் வலையின்றி ஆடினர் என்பர். அவைக்கு அது பெருவியப்பாயிற்று. தற்செயலாய் நேர்ந்தது நாளடைவில் குலப்பெருமை ஆகிவிட்டது. 1962 ஜனவரியில் டெட்ராய்ட் நகரில், கம்பிமேல் ஏழு பேர் அமைத்த மனிதக் கோபுரம் சரிந்தது. இருவர் மாண்டனர், ஒருவர் முடமானார். குடும்பத் தலைவர் கார்ல் வாலண்டா அதன் பின்னும் நிறுத்தவில்லை. 1978 மார்ச்சில், தம் 73ஆம் வயதில், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் நகரில் இரு கட்டடங்களுக்கிடையே கட்டிய கம்பியிலிருந்து விழுந்து மறைந்தார். அவருடைய துணிவை நான் குறைத்துரைக்கவில்லை. ஆயினும், வலை இருந்திருந்தால் அவருடைய கால்களின் திறமை எள்ளளவேனும் குறைந்திருக்குமா? குறைந்திருக்கக் கூடியது பார்ப்போரின் நடுக்கம் மட்டுமே.

உடல் நமக்குச் சொந்தமான பொருளன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். தவக்குல் என்பது ஒட்டகையை அவிழ்த்துவிட்டு வானத்தைப் பார்ப்பதன்று என்று நம் வீட்டுப் பிள்ளைகளும் அறிவர். வலை கட்டுவது அந்தக் கயிற்றைக் கட்டுவது போன்றதே. வலை மட்டும் போதுமா? போதாது. 1931இல் கோபன்ஹேகனில் லில்லியன் லைட்செல் என்னும் புகழ்பெற்ற கலைஞர் விழுந்து இறந்தது, அவர் கையில் பிடித்திருந்த வளையத்தைத் தாங்கிய உலோகப் பூட்டு முறிந்ததனால். கயிறு, கொக்கி, பூட்டு யாவற்றையும் ஆட்டத்திற்கு முன் தானே தொட்டுச் சோதிப்பது இத்தொழிலின் கடமைகளுள் ஒன்று.

இரண்டாவது நெறி, தாங்குவோரை மறவாமை. 1982 ஜூலையில் அமெரிக்காவின் டூசான் நகரில் மிகேல் வாஸ்கேஸ் என்ற இளைஞர் ஊஞ்சலிலிருந்து பறந்து நான்கு முறை கரணமடித்து, எதிர் ஊஞ்சலில் தொங்கிய கைகளைப் பற்றினார். அரங்கக் காட்சியில் அதுவரை எவரும் நிகழ்த்தாத சாதனை அது. உலகம் அவர் பெயரை நினைவிற் கொண்டது. அந்தக் கைகள் அவருடைய அண்ணன் ஹுவானுடையவை என்பதை நினைப்போர் சிலரே.

மொராக்கோ நாட்டின் தெற்கிலுள்ள சூஸ் பகுதியில், பதினாறாம் நூற்றாண்டில் வாழ்ந்த சீதி அஹ்மது உ மூஸா என்ற இறைநேசரின் மக்கள் எனத் தம்மை அழைத்துக்கொள்ளும் கரணக் கலைஞர்கள் இருக்கின்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அவர்கள் ஐரோப்பிய, அமெரிக்க சர்க்கஸ்களிலும் ஆடி வந்துள்ளனர். மனிதக் கோபுரம் அவர்களுடைய சிறப்பு. உச்சியில் நிற்பவரையே யாவரும் பார்க்கின்றனர். அடியில் நின்று எல்லோரையும் சுமப்பவரின் முகம் எவர் கண்ணிலும் படுவதில்லை. அவர் ஒரு கணம் தளர்ந்தால் கோபுரமில்லை. எந்தத் தொழிலிலும் இதுவே உண்மை. இத்தொழிலிலோ அதை மறந்தவன் அன்றைக்கே விழுவான்.

மூன்றாவது, தன் பிழைப்புக்காகப் பேச இயலாதவரைப் பணயம் வைக்காமை. இந்தியச் சர்க்கஸின் தாய்வீடு கேரளத்துத் தலச்சேரி. மெய்ப்பயிற்சி ஆசிரியரான கீலேரி குஞ்ஞிக்கண்ணன் 1901இல் அங்கே பயிற்சிக்கூடம் நிறுவிப் பல கலைஞர்களை உருவாக்கினார். அந்தப் பெருமைக்குப் பக்கத்திலேயே வேறொரு கணக்கும் பிற்காலத்துக் கூடாரங்களில் சேர்ந்தது. வறுமையால் ஒப்படைக்கப்பட்ட சிறுவர் சிறுமியரும், கூண்டில் அடைபட்ட புலி சிங்கங்களும் காட்சிப் பொருளாயினர். புலி, சிங்கம், கரடி, குரங்கு முதலியவற்றை ஆட்டுவிப்பதற்கு 1998இல் மத்திய அரசு தடை விதித்தது. 2001இல் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. சிறாரைச் சர்க்கஸில் அமர்த்துவதைத் தடுக்க அதே நீதிமன்றம் 2011இல் ஆணையிட்டது. இவற்றால் கூடாரத்தின் வருவாய் குறைந்திருக்கலாம். அதன் மானம் காப்பாற்றப்பட்டது. தன் உடலைத் தானே அறிந்து பணியில் ஈடுபடுத்துவது வேறு. அறியாத குழந்தையின் உடலை ஈடுபடுத்துவது வேறு.

நான்காவது, உடல் ஓயும் நாளுக்கு ஆயத்தமாதல். குஞ்ஞிக்கண்ணனிடம் பயின்ற எம்.வி. சங்கரன் பட்டாளத்தில் பணியாற்றினார். பின்னர் பார் விளையாட்டில் பெயர்பெற்றார். 1951இல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கி நடத்தினார். 2023இல் தொண்ணூறு வயதைத் தாண்டி மறைந்தார். தசை தளரும் பருவத்தில் அறிவு தொழிலை ஏற்றுக்கொண்டது. ஊதியத்தில் ஒரு பகுதியைச் சேமிப்பதும், கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கப் பழகுவதும் இளமையிலேயே தொடங்கவேண்டியவை.

இனி, இந்நெறிகள் யாவும் கலைஞனுக்கு மட்டுமா? கூடாரத்தில் சீட்டு வாங்கி அமரும் நமக்கு ஒன்றும் இல்லையா? வலையின் மேலே நிகழும் அரிய ஆட்டத்திற்கு அரைமனத்தோடு கைதட்டி, வலையை அகற்றியவுடன் நிமிர்ந்து உட்காருகிறோமே, அப்போது அவ்வலையை அவிழ்த்த கைகளில் நம் கையும் ஒன்றன்றோ? விழுந்தவனுக்காகப் பின்னர் வருந்துவது எளிது. விழாமல் ஆடியவனை மனமாரப் பாராட்டுவதே நம் கடன்.

அந்தத் தகப்பனாருக்கு இப்போது செய்தி அனுப்பியிருக்கிறேன், மகனை மறுபடி அழைத்து வருமாறு. இம்முறை ‘வேண்டாம்’ என்று தொடங்கமாட்டேன். “தம்பி, நீ சேரப்போகும் இடத்தில் வலை கட்டுவார்களா? கட்டாவிட்டால், ஏறமாட்டேன் என்று சொல்லும் துணிவு உனக்கு உண்டா?” என்று கேட்பேன். இரண்டாவது வினாவிற்கு அவன் தயங்காமல் விடை சொல்வானாயின், அவன் வழியில் நான் குறுக்கே நிற்கமாட்டேன்.