பிடி அரிசியும் அடிப்பானைச் சோறும்

எனக்குத் தெரிந்த குடும்பஸ்தர் ஒருவர் இருக்கிறார். மில் அலுவலகத்தில் கணக்கு வேலை. வீட்டிலும் அன்றன்றைய வரவு செலவை எழுதி முடிக்காமல் அவருக்குத் தூக்கம் வராது. பாஸ்கு திருநாள் கழிந்து ஒரு மாலை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் முன் விரித்தார். வீட்டில் ஐந்து பேர்: அவர், மனைவி, தாயார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருவர். மளிகை, காய்கறி, பால், தின்பண்டம் எல்லாம் சேர்த்து ஜனவரியில் 9,400 ரூபாய் ஆகியிருந்தது. மார்ச்சில் 7,900 ரூபாய்தான். "1,500 ரூபாய் மிச்சம். ஒருவரும் பட்டினி கிடக்கவில்லை" என்றார் பெருமையோடு.

எப்படி என்று கேட்டேன். ரேஷன் கடைப் பருப்பையும் பாமாயிலையும் வாங்க ஆரம்பித்ததில் 220. பாக்கெட் முறுக்கு, பிஸ்கட் வகைகளை நிறுத்தியதில் 300. சனிக்கிழமைப் புரோட்டா பார்சலை விட்டதில் 380. ஆக 900. மீதி 600 எங்கிருந்து வந்தது? அவர் பக்கங்களைப் புரட்டினார். அடுப்பங்கரை வாசலில் நின்ற அவர் மனைவி தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அது ஒண்ணுமில்லீங்க ஐயா. பால் ரெண்டு பாக்கெட் வாங்கிட்டிருந்தோம், ஒண்ணாக் குறைச்சிட்டேன். பிள்ளைங்களுக்கும் அத்தைக்கும் இவங்க காப்பிக்கும் அது போதும். நான் கடுங்காப்பி குடிச்சுப் பழகிட்டேன்."

பாக்கெட் 20 ரூபாய். முப்பது நாளைக்கு 600. கணக்கு நேராகிவிட்டது. நேரானதில் அவருக்கு ஒரு கணம் சந்தோஷம்கூட வந்தது. பிறகுதான் முகம் மாறியது.

இதில் யாரைக் குற்றம் சொல்வது? கணவர் குடிகாரரல்லர், கஞ்சரும் அல்லர். மனைவியை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆயினும் அந்த 600 ரூபாய் மற்ற 900 ரூபாயைப் போன்றதல்ல என்று அந்த அறையில் இருந்த மூவருக்கும் தோன்றியது. ஏன் அப்படித் தோன்ற வேண்டும்? இரண்டும் மிச்சம் பிடித்த பணந்தானே?

செலவைக் குறைக்க நினைக்கிறபோது கை ஏன் முதலில் சாப்பாட்டின் மேல் போகிறது என்பதை முதலில் பார்ப்போம். எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மானியப் புள்ளியியல் அறிஞர் 1857-ல் தொழிலாளர் குடும்பங்களின் கணக்குகளை ஆராய்ந்து ஒன்றைக் கண்டார்: குடும்பம் எவ்வளவுக்கு எவ்வளவு ஏழையோ, அதன் வருமானத்தில் அவ்வளவு பெரிய பங்கு உணவுக்குப் போகிறது. நம் நாட்டிலும் அப்படியே. 2022-23-ல் எடுத்த குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, கிராமத்தில் மொத்தச் செலவில் நூற்றுக்கு 46 பங்கும் நகரத்தில் 39 பங்கும் உணவுக்கானவை. அதிலும் அரிசி, கோதுமைக்குப் போகும் பங்கு முன்னைவிட மிகவும் சுருங்கிவிட்டது. பாக்கெட் பண்டங்களும் பானங்களும் வெளிச்சாப்பாடும் பத்தில் ஒரு பங்கை எட்டியிருக்கின்றன. பெரிய தொகை இருக்குமிடத்தில்தான் குறைக்கவும் முடியும். மேலும் வீட்டுக்காரர் வாடகையைக் கேட்டு வாங்கிவிடுவார். பள்ளிக்கூடம் ரசீது நீட்டும். வங்கித் தவணை தேதி தவறாது. வயிறு ஒன்றுதான் சற்றே பொறுத்துக்கொள் என்றால் பொறுத்துக்கொள்ளும். அதிலும் வீட்டில் யாருடைய வயிறு அதிகம் பொறுத்துப் பழகியிருக்கிறது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நிற்க. ஞானோபதேச வகுப்பில் தலையான பாவங்கள் ஏழையும் நாம் மனப்பாடம் பண்ணியிருக்கிறோம். அவற்றில் இரண்டு அடுப்பங்கரையைத் தொடுகின்றன: போசனப்பிரியம் ஒன்று, லோபம் ஒன்று. முன்னதற்கு விரோதமான புண்ணியம் மட்டசனம், பின்னதற்கு உதாரகுணம். சிக்கனத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் மட்டசனத்தை மாத்திரம் பேசிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் மட்டு என்பது எது? அரிஸ்டாட்டில் இதற்கு மீலோ என்ற மல்லனை உதாரணம் காட்டினார். பத்துப் படி அதிகம், இரண்டு படி குறைவு என்றால், நடுவான ஆறு படிதான் எல்லாருக்கும் அளவு என்று பயிற்சி கொடுப்பவன் சொல்லமாட்டான். மீலோவுக்கு அது போதாது, புதிதாகக் கோதாவில் இறங்கிய பையனுக்கோ அது மிஞ்சும். ஆக, அளவு என்பது சாப்பிடுகிறவரைப் பார்த்துச் சொல்ல வேண்டியது. தட்டுக்குத் தட்டு சரிசமமாகப் பரிமாறினாலே நீதி ஆகிவிடாது.

அப்படிப் பார்த்தால் வீட்டில் யாருக்கு எது அதிகம் வேண்டும்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் வெளியிட்ட அட்டவணையின்படி, வயது வந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச்சத்து வேண்டும்; பெண்ணுக்கு 29 மில்லிகிராம். மாதவிலக்கில் இரத்தம் போவதால் இந்த வித்தியாசம். சோற்றளவில் ஆணுக்குக் கூடுதலாக வேண்டியிருக்கலாம். கீரை, பயறு, முட்டை, மீன் என்று வரும்போது பெண்ணின் தட்டுத்தான் நிறைந்திருக்க வேண்டும். நம் பழக்கமோ நேர்மாறு. எல்லாரும் உண்டு எழுந்த பிறகு, குழம்பில் துண்டு இல்லாமல், பொரியல் சட்டியை வழித்து அவள் சாப்பிடுகிறாள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கும், அதே வயது ஆண்களில் 25 பேருக்கும் இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. தமிழ்நாட்டுப் பெண்களிலும் பாதிக்கு மேல். உடலின் இயற்கை இதில் ஒரு காரணந்தான். மற்றொரு காரணம் அடிப்பானைச் சோறு.

இங்கே ஒருவர் குறுக்கிட்டு, "அது தாயின் தியாகம் அல்லவா? அதையும் கூடாது என்பீரோ?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். தன் பங்கைப் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிற தாயை யார் குறை சொல்வார்கள்? ஆனால் தியாகம் என்றால் வேறு வழியும் திறந்திருக்க வேண்டும். அதை விட்டு இதைத் தானே தேர்ந்துகொள்ள வேண்டும். மாதத்தொகை இவ்வளவுதான் என்று ஒருவர் தீர்மானித்து, அதற்குள் சமாளிப்பதை மற்றொருவரிடம் விட்டுவிட்டால், சமாளிக்கிறவருக்குத் தம் தட்டைத் தவிர வேறு எதில் கைவைக்க உரிமை இருக்கிறது? காப்பியைக் குறைத்தால் கணவர் கேட்பார். பாலைக் குறைத்தால் பிள்ளை அழும். மாமியாருக்குக் குறைத்தால் ஊர் பேசும். கேள்வியில்லாமல் குறைக்கக்கூடியது அவள் பங்கு ஒன்றே. இதைத் தியாகம் என்று நாம் சொல்லிக்கொள்வது நமக்கு வசதியாகவும் இருக்கிறது. கொடுத்தது இன்னதென்றே தெரியாமல் வாங்கிக்கொண்டவர்கள் நன்றியும் சொல்ல முடியாது, வேண்டாமென்று தடுக்கவும் முடியாது.

பிள்ளைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அம்மா கடைசியில் சாப்பிடுவதை நாள்தோறும் பார்க்கிற பையன் தனக்கும் அப்படி ஒருத்தி வருவாள் என்று கற்றுக்கொள்கிறான். பார்க்கிற பெண்பிள்ளை என்ன கற்றுக்கொள்கிறாள் என்பதை அவளுடைய தட்டைப் பார்த்தாலே தெரியும்.

நம் முன்னோருக்கு வேறொரு சிக்கனம் தெரிந்திருந்தது. பிடி அரிசி. இன்றும் சில வீடுகளில் உண்டு. உலைக்கு அரிசியை அளந்தபின், கழுவுவதற்கு முன், ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். மாத முடிவில் அது கோயிலுக்கோ ஏழை வீட்டுக்கோ போகும். ஒரு பிடி 50 கிராம் என்று வைத்துக்கொண்டால் மாதத்துக்கு ஒன்றரைக் கிலோ. ஐந்து பேர் உள்ள வீட்டில் ஆளுக்கு 10 கிராம் அரிசி, அதாவது இரண்டு வாய்ச் சோறு குறையும், ஒருவருக்கும் தெரியாது. அதே 50 கிராமை முன்னால் எடுக்காமல், பரிமாறி முடிந்தபின் போதாமல் போனதாக வைத்துக்கொள்ளுங்கள். வெந்த சோறாக அது ஏறக்குறைய 150 கிராம். கடைசியில் உட்காருகிறவளின் தட்டில் பாதி. குறைந்த அரிசி ஒன்றேதான். உலைக்கு முன் எடுத்தால் எல்லார் மேலும் விழுகிறது. பானையின் அடியில் எடுத்தால் ஒருத்தி மேல் விழுகிறது. செலவைக் குறைக்க வேண்டிய வீடு உலைக்கு முன் குறைக்கட்டும் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

உலைக்கு முன் குறைப்பதற்கு வழிகள் இல்லாமலில்லை. என் நண்பர் ரேஷன் கடைக்குப் போக வெகுநாள் வெட்கப்பட்டார். தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி இலவசம். துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். வரிப்பணத்தில் நடக்கிற காரியத்துக்கு வெட்கம் எதற்கு? பொட்டலம் வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. விலை ஏறாமலே எடை இறங்குகிற காலம் இது. நூறு கிராம் இருந்த பொட்டலம் அதே பத்து ரூபாய்க்கு எழுபதாகச் சுருங்கிவிடும். ஒரு கிராமுக்கு அல்லது ஒரு மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பதை இப்போது அட்டையிலேயே அச்சிடுகிறார்கள். சிறிய எழுத்துத்தான், பிள்ளைகளை விட்டு வாசிக்கச் சொல்லலாம். அன்றாடக் கூலிக்காரர் ஐந்து ரூபாய்ச் சிறு பாக்கெட்டாக எண்ணெயும் தூளும் வாங்கி, மொத்தமாக வாங்குகிறவரைவிடக் கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார். இரண்டு மூன்று குடும்பங்கள் பணம் போட்டு மொத்தமாக எடுத்துப் பிரித்துக்கொண்டால் அந்த நஷ்டம் தீரும். நம் பங்கில் அன்பியக் கூட்டங்கள் நடக்கின்றனவே, ஜெபம் முடிந்தபின் இதைப் பேசினால் என்ன?

மலிவான பண்டம் மட்டமானது என்ற எண்ணமும் போக வேண்டும். நெத்திலியும் சாளையும் வஞ்சிரத்துக்குச் சத்தில் குறைந்தவையல்ல. வெள்ளிக்கிழமை சுத்தபோசனம் என்று சொல்லிக்கொண்டு, ஆட்டிறைச்சி விலைக்கு வஞ்சிரம் வாங்கி வறுத்துத் தின்பவர்களும் நம்மில் உண்டு. அதில் ஒறுத்தல் எங்கே இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. முருங்கைக்கீரை வேலியோரத்தில் கிடைக்கும். அதன்மேல் எலுமிச்சை பிழிந்தால் இரும்புச்சத்து உடம்பில் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் சேருவது குறையும். காசு செலவில்லாத விஷயங்கள் இவை.

பேரம் பேசுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். குளிரூட்டிய பெரிய கடையில் அச்சடித்த விலையை வாய் திறவாமல் கொடுத்துவிட்டு, வாசலில் கூடையை இறக்குகிற கீரைக்காரம்மாவிடம் இரண்டு ரூபாய்க்கு அரைமணி நேரம் வாதாடுகிறோம். அந்த இரண்டு ரூபாயும் ஒருத்தியின் அடிப்பானையிலிருந்துதான் வருகிறது. அவள் நம் வீட்டுக்காரி இல்லை, அவ்வளவுதான். நியாய விலையைத் தெரிந்துகொண்டு கேட்பது விவேகம். இன்று விற்காவிட்டால் நாளைக்கு வாடிப்போகும் என்று அவளுக்குள்ள அச்சத்தை வைத்து விலையை இறக்குவது வேறு.

என் நண்பரின் வீட்டுக்கு இரண்டு மாதம் கழித்து மறுபடி போனேன். மறுநாளே இரண்டாவது பால் பாக்கெட்டைத் திரும்பச் சொல்லிவிட்டாராம். தம் மாலைக் காப்பியையும் நிறுத்தியிருக்கிறார். ஆனால் அந்தப் பாலும் பிள்ளைகளின் டம்ளருக்கே போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டார். "எத்தனை சொன்னாலும் கேட்கிறதில்லை, ஐயா. முப்பது வருஷப் பழக்கம், அவள் அம்மாவிடம் கற்றது." ஆகவே இப்போது இரவில் ஐந்து பேரும் ஒன்றாக உட்காருகிறார்கள். சட்டிகளை நடுவில் வைத்துவிடுகிறார்கள். கரண்டி பெரியம்மாவிடம், அதாவது அவருடைய தாயாரிடம் இருக்கிறது. அந்த அம்மாள் முதல் கரண்டியை மருமகள் தட்டில் போடுகிறார். மருமகள் இன்னும் கூச்சத்தோடுதான் சாப்பிடுகிறாள்.