சிறு காரும் இல்லறத்தார் விரதமும்

நம் இல்லங்களில் முதற்குழந்தை பிறந்து, பெயர் சூட்டும் விழாவும் முடிந்து, தாயும் சேயும் பிறந்தகத்திலிருந்து திரும்பும் நாள் நெருங்கும்போது, பெரியோர் பேச்சில் வண்டியைப் பற்றிய பேச்சும் இக்காலத்தில் தவறாமல் எழுகிறது. "பச்சைக் குழந்தையை வைத்துக்கொண்டு இந்தச் சின்னக் காரிலா போவது? கனமான வண்டியாகப் பார்த்து வாங்கப்பா" என்பார் ஒருவர். "பெட்ரோல் விற்கிற விலையில் இதுவே போதும்" என்பார் இன்னொருவர். முன்னது அச்சத்தின் கூற்று. பின்னது சிக்கனத்தின் கூற்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும் ஜின அறத்தைக் கைக்கொண்ட இல்லறத்தார்க்கு மூன்றாவதாக ஒரு வினாவும் உண்டு. நம் மகவைக் காக்கும் பொருட்டுப் பிற உயிர்கள்மேல் எவ்வளவு இடரை ஏற்றலாம் என்பதே அது.

இவ்வினாவை நகரத்துச் சாலையில் வைத்துப் பார்ப்பதைவிட, நைனார்பாளையம் போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்ப்பது தெளிவு தரும். வடக்கே கல்வராயன் மலையும், சுற்றிலும் மக்காச்சோளமும் பருத்தியும் மரவள்ளியுமாகக் கிடக்கும் சின்னசேலம் வட்டாரம் இது. குழந்தைக்கு ஆறாம் வாரம், பத்தாம் வாரம், பதினான்காம் வாரம் எனத் தடுப்பூசிக்குச் செல்லவேண்டும். நள்ளிரவில் காய்ச்சல் கண்டால் கள்ளக்குறிச்சிக்கு ஓடவேண்டும். அங்கு அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது இப்பகுதியார்க்குப் பேருதவி. கார் இல்லாத வீட்டில் அந்நேரத்தில் கைகொடுப்பது இருசக்கர வண்டியே. தந்தை ஓட்ட, தாய் பின்னால் ஒருபுறமாக அமர்ந்து, துணியில் சுற்றிய சிசுவை மடியில் அணைத்துச் செல்லும் காட்சியை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். நான்கு வயதுக்குட்பட்ட குழந்தையை அவ்வாறு ஏற்றினால் பாதுகாப்புப் பட்டை வேண்டும், வேகம் 40 கிலோமீட்டரைத் தாண்டலாகாது என்னும் விதி 2023 பிப்ரவரி முதல் நடப்பில் உள்ளது. எத்தனை பேர் அதை அறிவார்?

நம் நாட்டில் சிறு கார் தோன்றிய வரலாறே இக்காட்சியோடு பிணைந்தது. 1983 டிசம்பரில் தில்லியில் முதல் மாருதி 800 காரின் சாவியை அன்றைய பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். 2014 ஜனவரி வரை அது உற்பத்தியாயிற்று. நடுத்தரக் குடும்பங்கள் பலவற்றுக்கு அதுவே முதற்கார். பின்னர், மழையில் ஒரே ஸ்கூட்டரில் குடும்பமே நனைந்து செல்வதைக் கண்டதால்தான் நானோ காரை எண்ணியதாக ரத்தன் டாடா கூறினார். அது 2008 ஜனவரியில் காட்சிக்கு வைக்கப்பட்டு, 2009-இல் விற்பனைக்கு வந்தது. அவ்வெண்ணத்தின் பின்னிருந்தது கருணையே என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் 2014-இல் குளோபல் என்கேப் என்னும் அமைப்பு இந்தியச் சிறு கார்கள் ஐந்தை மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோதவிட்டுச் சோதித்தபோது, நானோ உள்ளிட்ட ஐந்தும் பெரியோர் பாதுகாப்பில் ஒரு நட்சத்திரமும் பெறவில்லை. கருணையோடு தொடங்கிய செயலிலும் கவனம் குறைந்தால் என்னாகும் என்பதற்கு இது சான்று.

இதனைக் கொண்டு "சிறு கார் என்றாலே ஆபத்து" என்று முடிவு கட்டுதல் பிழை. அன்று தோற்றவற்றுள் ஒன்றாகிய ஃபோல்க்ஸ்வாகன் போலோவில் காற்றுப்பை இரண்டைப் பொருத்தி மீண்டும் சோதித்தபோது அது நான்கு நட்சத்திரம் பெற்றது. நீளத்தில் நான்கு மீட்டரைத் தாண்டாத டாடா ஆல்ட்ராஸ் 2020-இல் ஐந்தும் பெற்றது. அளவைவிட, எதை வைத்தார்கள் எதை விட்டார்கள் என்பதே முதன்மையாயிற்று. முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை கட்டாயமானது 2021-இல்தான். பழைய வண்டி வாங்குவோர் இதைக் கட்டாயம் கருதவேண்டும்.

எனினும் பெரியவர் கூறும் கனத்தின் பேச்சை நாம் தட்டிக்கழிக்க இயலாது. 800 கிலோ வண்டியும் 1600 கிலோ வண்டியும் நேருக்கு நேர் மோதினால், இலேசான வண்டியின் வேகமாறுதல் கனத்த வண்டியினுடையதைப் போல் இருமடங்காகும்; அதனுள் இருப்போர்க்கு அடியும் அதற்கேற்ப மிகும். இது பௌதிக விதி. மோதற் சோதனையின் நட்சத்திரங்கள் பெரும்பாலும் தன்னையொத்த எடையுள்ள வண்டியோடு மோதுவதையே கணக்கிடுவன. லாரியோடு மோதுவதை அல்ல. ஆகவே, கனத்த வண்டி தன்னுள் இருப்போரைச் சற்று மிகுதியாகக் காக்கிறது என்பது உண்மை. அக்காப்பு எங்கிருந்து வருகிறது என்பதையே நாம் உசாவ வேண்டும். மோதலின் துன்பத்தில் ஒரு பங்கை எதிர்ப்பக்கத்தார்மேல் தள்ளுவதாலேயே அது வருகிறது.

எதிர்ப்பக்கத்தார் யாவர்? 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்தில் மாண்டோர் 1,68,491 பேர் என மத்திய அரசின் கணக்கு கூறுகிறது. அவர்களுள் நூற்றுக்கு நாற்பத்து நால்வர்க்கு மேல் இருசக்கர வண்டியில் சென்றோர். ஏறத்தாழ இருபதின்மர் நடந்து சென்றோர். கார் முதலிய இலகு ஊர்திகளில் சென்றோர் பன்னிருவர் பதின்மூவர் அளவே. நைனார்பாளையத்துச் சாலையில் நம் காருக்கு எதிரே வருபவர், பெரும்பாலும், நாம் முன்னே சொன்ன அந்தத் தந்தையும் தாயும் மடியிலுள்ள சிசுவுமே. உயர்ந்த முகப்புடைய வண்டி மோதினால் நடப்போரின் மார்பிலும் தலையிலும் தாக்கும். சிறுவர் அருகே நின்றால் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியவும் மாட்டார்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது வலிய மறுப்பு. விரதம் என்பது அவரவர் மனமொப்பி ஏற்பது. தந்தை விரும்பினால் உண்ணாநோன்பு இருக்கலாம். கைக்குழந்தையைப் பட்டினி போட இயலுமா? அவ்வாறே, பிற உயிர்பால் இரக்கங்கொண்டு இலேசான வண்டியைத் தேர்பவர், அதன் இடரில் ஒரு பகுதியைத் தான் விரதம் ஏற்காத குழந்தையின் உடல்மேல் அன்றோ ஏற்றுகிறார்?

இம்மறுப்பை நாம் ஒப்புகிறோம், பாதி அளவில். எதிரே வரும் சிசுவும் எவ்விரதமும் ஏற்கவில்லை. நம் குழந்தையின் காப்புக்காக அடிபட அது உடன்படவுமில்லை. விரதம் ஏற்காத இரு குழந்தைகள் எதிரெதிரே நிற்க, விரதம் ஏற்கும் ஆற்றலுடையோர் நடுவில் ஒருவரே இருக்கிறார். அவர் வண்டி ஓட்டும் தந்தை, அல்லது தாய். எனவே சுமையும் அவர்மேல் விழுவதே முறை. காற்றுப்பைக்கும் குழந்தை இருக்கைக்கும் ஆகும் பணம் அவருடையது. மெல்லச் செல்வதால் கழியும் நேரம் அவருடையது. போகாமல் விட்ட பயணமும், முந்தாமல் விட்ட லாரியும் அவருடைய நோன்பு. இவ்வளவும் செய்தபின் எஞ்சும் இடர் சிறிது உண்டு. அதனை இல்லை என்று நாம் கூறோம். அதைப் பிறர் தலையில் ஏற்றிவிட்டுக் குழந்தைப்பாசம் என்று பெயரிட வேண்டாம் என்றே கூறுகிறோம். பொருளைவிட அதன்பால் மயங்கும் மயக்கத்தையே பரிக்கிரகம் என்று தத்துவார்த்த சூத்திரம் கொள்கிறது. அம்மயக்கத்துக்குப் பொன்னும் நிலமும் மட்டுமன்றி மக்களும் பொருளாவர்.

துறவியர் ஊர்தி ஏறார். நான்கு முழம் முன்னே நிலத்தை நோக்கி அடியெடுத்து வைப்பர். அதுவே ஈரியா சமிதி. இல்லறத்தார்க்கு அது இயலாது. நம் முன்னோர் பெரும்பாலும் உழவர். ஏர் நடக்கும்போது மண்ணிலுள்ள உயிர்கள் மாய்வதை அறிந்தே, ஆரம்ப இம்சை என்று அதனை ஏற்று, தேவைக்கு மேற்படாமல் காத்தனர். வண்டியும் அத்தகையதே. மூன்று உருளை கொண்ட பெட்ரோல் எந்திரம் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது அதனுள் நிமிடத்துக்கு 4500 முறை தீ மூட்டப்படுகிறது. தேயுகாய உயிர்களை எண்ணுவோர்க்கு இது சிறு கணக்கன்று. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 2.3 கிலோ கரியமில வாயு வெளிப்படும். லிட்டருக்கு இருபது கிலோமீட்டர் ஓடும் வண்டி, பத்து ஓடும் வண்டியைவிட இதனைப் பாதியாக்குகிறது.

பாதியாக்குகிறதா? செலவு குறைவு என்று இருமடங்கு சுற்றினால் கணக்கு பழைய இடத்துக்கே வந்துவிடும். எரிபொருள் சிக்கனம் எரிபொருட் பெருக்கத்துக்கே வழிவகுக்கக்கூடும் என்று 1865-இலேயே ஜெவன்ஸ் என்னும் ஆங்கிலப் பொருளியலார் நிலக்கரியை வைத்துக் காட்டினார். நம்மவர்க்கு இதற்கு மருந்து முன்பே உண்டு. அருங்கலச்செப்பு முதலிய சிராவக ஒழுக்க நூல்கள் கூறும் குணவிரதங்களுள் திசைவிரதம், செல்லும் எல்லையை வரையறுத்துக் கொள்வது. அனர்த்த தண்ட விரதம், பயனின்றி உயிர்க்கு இன்னல் விளைக்கும் செயலை விலக்குவது. கடைத்தெருவுக்குக் காரை எடுக்கும் பழக்கத்தை இவ்விரண்டும் சேர்ந்தே தடுக்கும்.

சிறு வண்டி வைத்திருப்போர் பெருமிதம் கொள்ளவும் இடமில்லை. 900 கிலோ வண்டி 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது தாங்கிய ஆற்றலும், 1600 கிலோ வண்டி 60 கிலோமீட்டரில் செல்லும்போது தாங்கிய ஆற்றலும் ஒன்றே. எடையை ஒருமுறை வாங்குகிறோம். வேகத்தையோ ஒவ்வொரு நாளும் தேர்கிறோம். இம்சைக்கு வேர் பிரமாதம் என்பது ஆகமத் துணிபு. கவனமின்மை என்று பொருள்படும் இச்சொல்லை இன்று நாம் பாராட்டுக்கு வழங்குகிறோம்; "வண்டி பிரமாதம்" என்று விற்பனையாளர் சொல்லும்போது ஆகமம் கற்றவர்க்குச் சிரிப்பு வரலாம்.

ஓட்டுவோர்க்குரிய ஈரியா சமிதி, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிறுத்தக்கூடிய வேகமே. 60 கிலோமீட்டரில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கும். மனம் உணர்ந்து கால் அழுத்த ஒரு வினாடி, பிறகு நிற்க இருபது மீட்டருக்கு மேல். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியோ நாற்பது ஐம்பது மீட்டர் வரையே பயன்படும். விளக்கில்லாத கிராமச் சாலையில் இதற்கு மேல் விரைபவர் காணாத நிலத்தில் அடி வைக்கிறார். சாலையோரம் காயவைத்த மக்காச்சோளமும், அதன்மேல் வைத்த கல்லும், அருகே படுத்த நாயும் அவ்விருளில்தான் இருக்கும். ஐப்பசி கார்த்திகையில் ஈசல் விளக்கை நாடி மொய்க்கும் இரவுகளையும் சேர்த்துக்கொள்க. உயிர்கள் மிகும் மழைக்காலத்தில் முனிவர் ஓரிடத்தில் தங்கும் சாதுர்மாசத்தின் கருத்தை இல்லறத்தார் இவ்வளவிலேனும் தழுவலாம்: மருத்துவம் போன்ற அவசரம் இல்லையேல் இரவுப் பயணம் தவிர்ப்பது. இரவுணவு நீத்த குடும்பங்களுக்கு இது அரிதன்று.

இனிக் குழந்தையின் இடம். முன்னிருக்கையில் தாய்மடியே சிறந்த காப்பு என்பது நம் வீடுகளில் வேரூன்றிய எண்ணம். 50 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி மோதி நின்றால், ஐந்து கிலோ சிசு நூறு கிலோவுக்கு மேற்பட்ட விசையோடு முன்னே எறியப்படும். எந்தத் தாயின் கையும் அதைத் தாங்காது. விரியும் காற்றுப்பையே சிசுவுக்கு எமனாகும். பின்னிருக்கையில், பின்னோக்கி அமைந்த குழந்தை இருக்கையில், பட்டை கட்டி வைப்பதே முறை. சிசுவின் தலை கனத்தது, கழுத்து மெலிந்தது. பின்னோக்கி இருந்தால் மோதலை முதுகு முழுதும் ஏற்கும். பதினான்கு வயதுக்குட்பட்டோரைப் பட்டையின்றி ஏற்றினால் ஆயிரம் ரூபாய் தண்டம் என்று 2019-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் கூறுகிறது. அவ்விருக்கை சிறு காரிலும் பொருந்தும். வாங்குமுன் கடையிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

பாட்டியார் இதற்கு எளிதில் இசையார். "பிள்ளையைக் கட்டிப்போட்டு அழவிடுவதா?" என்பார். அழும், முதற்சில நாள் நன்றாகவே அழும். பாட்டியாரையே பின்னிருக்கையில் அருகே அமர்த்தினால் இருவர் மனமும் ஒருசேர அமையும். இரண்டு மணி நேரத்துக்கு மேல் சிசுவைத் தொடர்ந்து இருக்கையில் வைத்தலாகாது என்பதால், பால் கொடுக்கவும் தூக்கி வைத்துக்கொள்ளவும் வழியில் புளியமர நிழலில் நிறுத்தியே ஆகவேண்டும். திருநறுங்கொண்டை அப்பாண்டைநாதரைத் தரிசிக்கக் குழந்தையோடு புறப்படுவோர், கதிரெழுந்தபின் கிளம்பி, நண்பகலுக்கு முன் சேர்ந்து, வெயில் தாழ்ந்ததும் திரும்பி, விளக்கு வைக்குமுன் வீட்டில் இருக்குமாறு நாளை வகுத்துக்கொள்ளலாம்.